நடந்தால் வரும், நின்றால் போகும்: ஆஞ்சைனா நெஞ்சுவலி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஞ்சைனாவும் ஹார்ட் அட்டாக்கும் ஒன்றா?

இல்லை. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் பிறப்பவை. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுவருவது அதன் மேற்பரப்பில் ஓடும் கரோனரி குழாய்கள். இந்தக் குழாய்களின் உட்சுவரில் வருஷக்கணக்கில் கொழுப்பு படிந்து, வழி சுமார் 70 சதவீதம் குறுகிவிட்டால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது வரும் ரத்தம் போதும். மாடிப்படி ஏறும்போது போதாது. அந்தப் பற்றாக்குறையில் தசை எழுப்பும் வலிதான் ஆஞ்சைனா. நின்று இளைப்பாறினால் தேவை குறைகிறது, வலியும் போய்விடுகிறது. தசை எதுவும் சாகவில்லை.

ஹார்ட் அட்டாக்கில் அந்தக் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. நின்றாலும் உட்கார்ந்தாலும் வலி போகாது. நிமிஷத்துக்கு நிமிஷம் தசை செத்துக்கொண்டிருக்கும்.

கை கால் தசை ஓடினாலும் வலிப்பதில்லையே, இதயத்துக்கு மட்டும் ஏன்?

கால் தசைக்குக் கையிருப்பு உண்டு. வேலை கூடும்போது, வருகிற ரத்தத்திலிருந்தே கூடுதல் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். இதயத் தசையோ ஓய்வில் இருக்கும்போதே ரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் ஏறத்தாழ 70 சதவீதத்தை எடுத்துவிடுகிறது. கூடுதலாக வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும், வேறு வழி இல்லை.

இன்னொன்றும் உண்டு. இதயம் சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. அதனால் விரியும் இடைவெளியில்தான் அதற்குப் பெரும்பங்கு ரத்தம் கிடைக்கிறது. துடிப்பு வேகமாக ஆக, அந்த இடைவெளி சுருங்கும். தேவை ஏறும் அதே நேரத்தில் வரவு குறைகிறது. துடிப்பைக் குறைக்கும் மாத்திரையை மருத்துவர் ஏன் முதலில் எழுதுகிறார் என்பதற்கு விடை இதுதான்.

இது வாயுவா, இதயமா? எப்படித் தெரிந்துகொள்வது?

தமிழ்நாட்டில் நெஞ்சுவலியால் போன உயிர்களில் எத்தனையோ இந்தக் கேள்விக்குத் தவறான பதில் சொன்னதால் போனவை. ஆகவே இதை விரிவாகவே பார்க்கலாம்.

முதலில், ஆஞ்சைனா வருகிறவர்கள் பெரும்பாலும் ‘வலி’ என்றே சொல்வதில்லை. ‘நெஞ்சை அழுத்துது’, ‘இறுக்கிப் பிடிக்குது’, ‘பாரம் வெச்ச மாதிரி இருக்கு’, ‘நெஞ்சு அடைக்குது’, ‘எரியுது’ என்பார்கள். எங்கே என்று கேட்டால் ஒரு விரலால் சுட்ட மாட்டார்கள். உள்ளங்கையை அல்லது மூடிய முட்டியை நெஞ்சின் நடுவில் வைத்துக் காட்டுவார்கள். அங்கிருந்து இடது தோள், கையின் உட்புறம், தொண்டை, கீழ்த்தாடை, முதுகின் நடுப்பகுதி, மேல்வயிறு என்று பரவலாம். சிலருக்குத் தாடையில் மட்டும் வரும். பல் டாக்டரிடம் போய் நிற்பார்கள்.

பிறகு மூன்று கேள்விகள். அழுத்தமோ இறுக்கமோ நெஞ்சு, கழுத்து, தாடை, தோள், கை ஆகிய இடங்களில் வருகிறதா? உடல் உழைப்பிலோ கோபதாபத்திலோ வருகிறதா? நின்றாலோ, நாக்கடியில் சார்பிட்ரேட் மாத்திரை வைத்தாலோ சுமார் 5 நிமிஷத்தில் போகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது ஆஞ்சைனாவின் முழு இலக்கணம். இரண்டுக்கு ஆம் என்றாலும் பரிசோதனை அவசியம்.

ஏமாற்றம் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். இரவுச் சாப்பாடு முடித்து ஒருவர் தெருமுனை வரை நடக்கிறார். நெஞ்சு அடைக்கிறது. பெட்டிக்கடையில் நின்று ஒரு சோடா வாங்குகிறார். கடைக்காரர் சில்லறை தேடி, பாட்டிலை உடைத்துக் கொடுத்து, அவர் குடித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆகிறது. பெரிய ஏப்பம் ஒன்று வருகிறது, அடைப்பு விலகிவிடுகிறது. ‘வாயுதான், சோடாவில் போச்சு’ என்று வீட்டுக்குத் திரும்புகிறார். வலியைப் போக்கியது சோடா இல்லை, அந்த ஐந்து நிமிஷம் நின்றது. வயிறு நிறையச் சாப்பிட்டால் குடலுக்கு ரத்தம் கூடுதலாகப் போகிறது, இதயத்தின் வேலை ஏறுகிறது. அதன்மேல் நடந்தால் ஆஞ்சைனா எளிதாக வரும். ‘சாப்பிட்ட பிறகுதான் வருது, அதனால் வாயு’ என்பது அந்தக் காரணத்தாலேயே செல்லாது. சோதித்துப் பார்க்க ஒரு வழி: உட்கார்ந்து சாப்பிட்டு உட்கார்ந்தே இருந்தால் வருகிறதா, நடந்தால் மட்டும் வருகிறதா?

ஓமத்தண்ணீர், இஞ்சிச் சாறு, ஜெலுசில் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அமில மாத்திரை இரண்டு வாரம் சாப்பிட்டும் நடக்கும்போது அடைப்பு வருகிறது என்றால் மூன்றாவது வாரத்துக்கு வாங்காதீர்கள்.

சிலர் சொல்லவே மாட்டார்கள். பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் அப்பா திடீரென்று சுவரொட்டி படிக்க நிற்பார், செல்பேசியை எடுத்துப் பார்ப்பார், ஒரு நிமிஷம் கழித்து நடப்பார். தினமும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறார் என்றால் அவர் படிக்கவில்லை, வலி போகக் காத்திருக்கிறார்.

எந்த மாதிரி வலி இதயத்துடையது இல்லை?

ஊசி குத்துவது போல ஓரிரு நொடி வந்து போவது, ஒரு விரல் நுனியால் காட்ட முடிவது, மூச்சை இழுத்தாலோ புரண்டு படுத்தாலோ கூடுவது, அழுத்தினால் அதே வலி வருவது: இவை பெரும்பாலும் விலா எலும்பு, தசை சார்ந்தவை. தொப்புளுக்குக் கீழ் மட்டும் வருவதும் இதயம் இல்லை.

ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். முதுகைக் கிழிப்பது போலத் திடீரென வரும் கடும் வலி, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் சுவர் பிளந்ததாக இருக்கலாம். திடீர் மூச்சுத்திணறலோடு வரும் வலி நுரையீரல் குழாயில் ரத்தக்கட்டி அடைத்ததாக இருக்கலாம். இதயக் குழாய் அடைப்பு இல்லை என்பதால் அவை சிறியவை ஆகிவிடாது.

பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வேறு மாதிரி வருமா?

பெண்களுக்கும் நெஞ்சு அழுத்தம்தான் முதன்மையான அறிகுறி. ஆனால் அதோடு மூச்சு வாங்குதல், அசாத்தியக் களைப்பு, குமட்டல், முதுகுவலி, தாடைவலி ஆகியவை ஆண்களைவிட அதிகமாகச் சேர்ந்து வரும். அம்மா ‘துணி துவைச்சா மூச்சு வாங்குது, கை வேற கடுக்குது’ என்று சொன்னால், வயசு என்று தள்ளிவிடுகிறோம். அப்படித் தள்ளக் கூடாது.

நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்புகள் பழுதுபட்டு வலியே தெரியாமல் போகலாம். நேற்று ஏறிய படியில் இன்று மூச்சு முட்டுகிறது, காரணமில்லாமல் குப்பென்று வியர்க்கிறது என்றால் சர்க்கரை தாழ்ந்ததா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் உடனே ஈசிஜி எடுக்கப் போங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஓய்வாக இருக்கும்போதே வரும் வலி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, முன்பு இரண்டு மாடி ஏறினால் வந்தது இப்போது பத்தடி நடந்தாலே வருவது, வாரம் ஒருமுறை வந்தது தினமும் வருவது, வாழ்க்கையில் முதன்முறையாக வந்த அழுத்தம், வியர்வை, வாந்தி, மயக்கத்தோடு வரும் வலி. இவை நிலையற்ற ஆஞ்சைனாவாகவோ ஹார்ட் அட்டாக்காகவோ இருக்கலாம். எது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது இது. எங்கே இருக்கிறாரோ அங்கேயே உட்கார வையுங்கள். ஏற்கெனவே ஆஞ்சைனாவுக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த சார்பிட்ரேட் 5 மி.கி. இருந்தால் ஒன்றை நாக்கடியில் வையுங்கள். 5 நிமிஷத்தில் வலி போகவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள், இலங்கையில் 1990. முதன்முறை வலி என்றாலோ, வியர்வை மயக்கம் இருந்தாலோ அந்த 5 நிமிஷம்கூட வேண்டாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் ஆஸ்பிரின் சுமார் 300 மி.கி. மென்று விழுங்கச் செய்யுங்கள். முழுசாக விழுங்கினால் வேலை தொடங்கத் தாமதமாகும், அதனால்தான் மெல்லச் சொல்கிறோம். ஆஸ்பிரின் ஒவ்வாமை, ரத்தக்கசியும் குடல்புண், முதுகைக் கிழிக்கும் வலி இருந்தால் கொடுக்காதீர்கள்.

நோயாளி வண்டி ஓட்டக் கூடாது, மாடியிலிருந்து நடந்து இறங்கவும் கூடாது. நாற்காலியோடு தூக்கி இறக்குங்கள். ஆட்டோவில் போகும் வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

கிராமத்தில் இருக்கிறோம். பெரிய மருத்துவமனை தூரம். என்ன செய்வது?

ஈசிஜி எடுக்கக்கூடிய அருகிலுள்ள இடத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் ஆகிய மூன்றின் முதல் வேளை அளவைக் கொடுத்து அனுப்புகிறார்கள். குழாய் முழுதாக அடைபட்டது ஈசிஜியில் தெரிந்தால், அடைப்பை உடனே திறக்க வேண்டும். அடைப்பை பலூனால் விரித்துத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி செய்யும் இடத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச்சேர முடியாது என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டு அனுப்புவதே முறை. வலி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் பலன் உண்டு. ஆனால் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் கிடைக்கும் பலன் பிறகு கிடைக்காது. வலி தொடங்கிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

பலமாக இருமினால் ஹார்ட் அட்டாக் நிற்குமா?

நிற்காது. வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தச் செய்தியை நம்பி இருமிக்கொண்டிருக்கும் நேரம் 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம்.

சார்பிட்ரேட்டை எப்படி வைத்துக்கொள்வது?

உட்கார்ந்துகொண்டு. இந்த மாத்திரை ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது. ரத்த அழுத்தம் சட்டென இறங்கும். நின்றுகொண்டு வைத்தவர் தலைசுற்றி விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வதுண்டு. படுத்துக்கொண்டால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடி வலி நீடிக்கலாம். ஆகவே சாய்ந்து உட்காருவதே நல்லது.

வாய் உலர்ந்திருந்தால் ஒரு வாய்த் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, நாக்கைத் தூக்கி அடியில் வைத்து மூடுங்கள். விழுங்கக் கூடாது, விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலில் சிதைந்துபோகும், வேலை செய்யவும் நேரமாகும். இரண்டு மூன்று நிமிஷத்தில் முகம் சூடாகும், தலை விண்விண் என்று தெறிக்கும். அது மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளம். வலி போனதும் மிச்சத்தைத் துப்பிவிடலாம். போகாவிட்டால் 5 நிமிஷ இடைவெளியில் இன்னொன்று, அதிகபட்சம் மூன்று. இரண்டாவதை வைக்கும்போதே ஆம்புலன்ஸ் கிளம்பியிருக்க வேண்டும். மேல் ரத்த அழுத்தம் 100-க்குக் கீழே இருந்தால் வைக்காதீர்கள்.

ஆணுறுப்பு விறைப்புக்கான சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள், டடாலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள் இதை வைத்தால் ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவு வீழலாம். கூச்சப்பட்டு இதை மறைக்காதீர்கள். அவசரப் பிரிவில் மருத்துவர் தனியாகக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

வெடிமருந்துப் பொருளான நைட்ரோகிளிசரினை லண்டனில் வில்லியம் மரல் என்ற மருத்துவர் ஆஞ்சைனாவுக்குப் பயன்படுத்தி 1879-ல் எழுதினார். சார்பிட்ரேட் அதே குடும்பத்து மருந்து. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் இதற்கு ஈடாக வேகமாக வலியைப் போக்கும் மாத்திரை வேறு வரவில்லை. அதை பீரோவில் பூட்டி வைப்பதில் பயனில்லை. சட்டைப்பையிலோ முந்தானை முடிச்சிலோ இருக்க வேண்டும். காலாவதித் தேதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். அப்படியானால் ஒன்றுமில்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. வலி இல்லாத நேரத்தில், படுக்க வைத்து எடுக்கும் ஈசிஜி ஆஞ்சைனா உள்ள பலருக்கு முழுக்க நார்மலாகவே இருக்கும். அந்த நேரத்தில் தசைக்குப் போதிய ரத்தம் கிடைத்துக்கொண்டிருக்கிறதே! ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோவும் அப்படித்தான். இரண்டும் நார்மல் என்பது ‘இதுவரை தசை பெரிதாகச் சேதப்படவில்லை’ என்ற நல்ல செய்தி, அவ்வளவே.

டிரெட்மில் சோதனையில் மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை வேகமும் சாய்வும் ஏறும். இதயத்தை உழைக்க வைத்து ஈசிஜி மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். இதுவும் சிலரைத் தப்பவிடும், சிலரை வீணாகப் பயமுறுத்தும். பெண்களிடம் தவறான முடிவு இன்னும் அதிகம். இப்போது பல இடங்களில், இதயக் குழாய்களை ஸ்கேன் படமாகக் காட்டும் சிடி ஆஞ்சியோகிராம் முதலில் எடுக்கப்படுகிறது. அது ‘அடைப்பு இல்லை’ என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம் அதற்கடுத்த படி. வலி இருக்கும்போது அவசரப் பிரிவுக்குப் போனால் சேதமான இதயத் தசையிலிருந்து கசியும் டிரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தசை சேதமானதும் அது உடனே ஏறிவிடாது, சில மணி நேரம் எடுக்கும். முதல் முடிவு நார்மல் என்றதும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். இரண்டாவது முடிவு வரட்டும்.

ஆஞ்சியோவில் 80 சதவீத அடைப்பு. உடனே ஸ்டென்ட் வைக்காவிட்டால் உயிர் போகுமா?

ஸ்டென்ட் என்பது குறுகிய குழாயைத் திறந்து வைக்கும் உலோக வலைக்குழல். வலி நிலையாக, நடந்தால் மட்டும் வருகிறவருக்கு அவசரமில்லை. 37 நாடுகளில் 5,179 பேரை வைத்து நடந்து 2020-ல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், நல்ல மாத்திரைச் சிகிச்சையோடு தொடக்கத்திலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர்களுக்கும், மாத்திரையோடு மட்டும் தொடங்கியவர்களுக்கும் மரணத்திலோ ஹார்ட் அட்டாக்கிலோ குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஆஞ்சைனா அடிக்கடி வந்தவர்களுக்கு ஸ்டென்டுக்குப் பிறகு வலி நன்றாகக் குறைந்தது. ஆகவே மாத்திரைக்கு அடங்காத வலிக்கு ஸ்டென்ட் நல்ல சிகிச்சை. வலி அடங்கிவிட்டவரை ஆஞ்சியோ மேசையில் வைத்தே ‘இப்போதே முடிவு சொல்லுங்கள்’ என்று நெருக்கினால், ‘மருந்து கொடுத்துப் பார்க்க முடியாதா?’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இந்தப் பதில் எல்லோருக்கும் பொருந்தாது. ஹார்ட் அட்டாக், நிலையற்ற ஆஞ்சைனா, இடது பிரதானக் குழாயில் அடைப்பு, இதயத்தின் பம்ப் செய்யும் திறன் மிகக் குறைந்த நிலை ஆகியவை உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. சர்க்கரை நோயோடு மூன்று குழாயிலும் அடைப்பு இருந்தால் பைபாஸ்தான் பொதுவாக நீண்ட நாள் பலன் தரும்.

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆஞ்சியோபிளாஸ்டியும் பைபாஸும் அடங்கும். ஸ்டென்ட் விலைக்கு 2017 முதல் மத்திய அரசின் உச்சவரம்பு இருக்கிறது. பில்லில் ஸ்டென்டின் பெயரும் விலையும் தனியாக எழுதித்தரக் கேளுங்கள்.

இத்தனை மாத்திரை எதற்கு? எதையாவது நிறுத்தலாமா?

அவை இரண்டு வகை. ஆஸ்பிரின் 75 மி.கி., அடோர்வாஸ்டாடின் போன்றவை வலியைக் குறைப்பதில்லை. குழாயில் படிந்ததை வெடிக்காமலும், அதன்மேல் ரத்தம் உறையாமலும் காக்கின்றன. ஒன்றும் செய்யாதது போலத் தோன்றுவதால் மக்கள் முதலில் நிறுத்துவது இவற்றைத்தான். கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 55-க்குக் கீழ் வந்துவிட்டது என்றால் அது மாத்திரையின் வேலை. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறும்.

மெட்டோப்ரோலால், அம்லோடிபின், ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் போன்றவை வலி வராமல் தடுப்பவை. மெட்டோப்ரோலாலைத் திடீரென நிறுத்தக் கூடாது. அடக்கி வைத்த துடிப்பு பாய்ந்து எழும்பி ஹார்ட் அட்டாக்கில் விடலாம். ஊருக்குப் போகும்போது மாத்திரைப் பையை மறப்பது இப்படித்தான் ஆபத்தாகிறது. ஐசோசார்பைடு மோனோநைட்ரேட்டை நாளுக்கு இரண்டு வேளை எழுதியிருந்தால் காலை 8 மணிக்கும் பிற்பகல் 2, 3 மணிக்கும் போடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளினால் உடம்புக்கு நைட்ரேட் இல்லாத இடைவெளியே கிடைக்காது. சில நாளில் மருந்து பலிக்காமல் போகும்.

ஸ்டென்ட் வைத்தவர் பல் பிடுங்கப் போகும்போது குளோபிடோக்ரலைத் தானாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது நேரடியாக ஹார்ட் அட்டாக். இதய மருத்துவரிடம் கேட்ட பிறகே எதையும் மாற்றுங்கள்.

குழாயில் அடைப்பே இல்லை என்கிறார்கள். ஆனாலும் வலிக்கிறது. மனப்பிரமையா?

இல்லை. ஆஞ்சியோவில் தெரியாத நுண்குழாய்கள் சரியாக விரியாவிட்டாலும் ஆஞ்சைனா வரும். பெண்களிடம் இது கூடுதல். பெரிய குழாயே சிறிது நேரம் இறுகித் தளர்வதும் உண்டு. அந்த வகை ஓய்வில், பெரும்பாலும் விடியற்காலையில் வரும். புகைபிடித்தல் அதைத் தூண்டும். ரத்தசோகை, தைராய்டு அதிகச் சுரப்பு, மகாதமனி வால்வு சுருக்கம் ஆகியவையும் ஆஞ்சைனாவைக் கொண்டுவரும். ஹீமோகுளோபின் 7 இருக்கும் ஒருவருக்கு அதை ஏற்றினாலே வலி நிற்கலாம். ‘அடைப்பு இல்லை, போய்வாருங்கள்’ என்றால், ‘அப்படியானால் வலி எதனால்?’ என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

ஆஞ்சைனா இருப்பவர் நடக்கலாமா? சபரிமலைக்குப் போகலாமா?

நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும். வலி வருகிற வேகத்துக்குச் சற்றுக் கீழே, முதல் 5 நிமிஷம் மெதுவாகத் தொடங்கி, மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். மார்கழி அதிகாலைக் குளிரில் ரத்தக்குழாய்கள் இறுகும். வெயில் ஏறியபின் நடங்கள். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது போகட்டும். மருத்துவர் அனுமதித்தால், வலி வரும் என்று தெரிந்த ஒரு வேலைக்கு 10, 15 நிமிஷம் முன்பே சார்பிட்ரேட்டை நாக்கடியில் வைத்துக்கொள்ளலாம்.

சபரிமலையில் பம்பையிலிருந்து சன்னிதானம் வரை சுமார் 5 கிலோமீட்டர். நீலிமலையும் அப்பாச்சிமேடும் செங்குத்தான ஏற்றம். கூட்டத்தில் நின்று இளைப்பாற இடம் கிடைக்காது, இருமுடி தலையில் இருக்கும், பின்னால் வருகிறவர் தள்ளுவார். வீட்டில் இரண்டு மாடி நிற்காமல் ஏறி வலி வராதவர், டிரெட்மில்லில் மருத்துவர் சரி என்று சொன்னவர் மெதுவாக ஏறலாம். சமீபத்தில் வலி கூடியவர், ஹார்ட் அட்டாக்கோ ஸ்டென்டோ ஆகிச் சில வாரமே ஆனவர் இந்த ஆண்டு விட்டுவிடுங்கள். விரதம் என்று மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். மாத்திரை விரதத்தைக் கெடுக்காது, தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள். ஏறும் வழியில் கேரள அரசின் அவசர மருத்துவ மையங்கள் இடைவெளி விட்டு இருக்கின்றன. கூட வரும் சாமிகளில் ஒருவரிடமாவது உங்களுக்கு ஆஞ்சைனா இருக்கிறது, மாத்திரை இந்தப் பையில் இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். நெஞ்சு அடைத்தால் அந்த இடத்திலேயே உட்காருங்கள். அடுத்த மண்டபம் வரை போய் உட்காரலாம் என்று ஏறாதீர்கள்.